ரெத்தினத்துக்கு நட்ட நிலப்பனை

பூவனக்குடி,
14-2-1971

மாமாவுக்கு வேம்பு எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனசு வரவில்லை. களத்து மேட்டில் உங்களைப் பிடித்து வேனில் ஏற்றியதைப் பார்த்ததோடு சரி. திருச்சி ஜெயிலில் இருக்கிறீர்கள் என்பதே வலங்கைமான் மளிகைக் கடை ஹாஜா மைதீன் பாய் சொல்லித்தான் தெரியும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்குக் கொள்ளைக் கேஸாம், அடிதடிக் கேஸாம். ஜாமீனுக்குச் சொத்துள்ள ஆள் வேண்டுமாம். நம் தெருவில் சொத்துள்ள ஆள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கார்த்திகையில் அய்யனார் கோயில் காட்டிலிருந்து நீங்கள் மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து கொல்லையில் வைத்த நிலப்பனை எல்லாம் பிழைத்துக்கொண்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதமே வாங்கினேன். இலுப்பை நிழலில் நம் மகள் ரெத்தினம் படுத்திருக்கிற இடத்தைச் சுற்றிப் பச்சையாக நிற்கிறது. பூவெல்லாம் ஓய்ந்துவிட்டது, இலை மட்டும்தான். நான் நடவுக்குப் போகும்போது அந்தக் காட்டோரம் மூங்கில் நிழலில்தானே அவளை விட்டுப் போவேன். தரையோடு தரையாகப் பூத்திருக்கிற மஞ்சள் பூவைக் கிள்ளி எச்சில் தொட்டு மூக்கில் ஒட்டிக்கொண்டு, மூக்குத்தி என்று காட்டுவாள். உங்களிடமும் காட்டியிருக்கிறாள்.

ஐப்பசி மழையில் சுடுகாட்டுப் பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால் அவளைக் கொல்லையிலேயே வைத்தோம். வைத்தோம் என்றால் நானும் தெருக்காரர்களும். நீங்கள் நீடாமங்கலத்தில் ஊர்வலத்தில் இருந்தீர்கள். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருக்கிறேன், கை கேட்கமாட்டேன் என்கிறது.

பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம் நேற்று வந்தார். இப்போதெல்லாம் கரைவேட்டிதான் கட்டுகிறார். “ஆம்பள இல்லாத வூட்டுல தனியா ஏன் கெடக்குற, ஆத்தா வூட்டுக்குப் போயிடேன்” என்றார். எனக்கு ஆத்தா செத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவருக்கே தெரியும். நான் உள்ளே போய்விட்டேன்.

வேம்பு


மத்தியச் சிறை, திருச்சி,
3-3-1971

வேம்புவுக்கு,

உன் கடிதத்தை இங்கே படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். இதையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் சில விஷயங்களை எழுத முடியாது, நீயாகப் புரிந்துகொள்.

நான் நன்றாக இருக்கிறேன். தோழர்கள் பலர் கூட இருக்கிறார்கள். கேஸ் நிற்காது என்று சங்கத்து வக்கீல் சொல்கிறார். எப்போது நிற்காது என்று கேட்டால் சிரிக்கிறார்.

நிலப்பனையைப் பற்றி எழுதியிருந்தாய். அது காட்டுச் செடி, நெல் இல்லை. உச்சி வெயில் அதன்மேல் படக் கூடாது, காலை வெயில் கொஞ்சம் போதும். இலுப்பைச் சருகைக் கூட்டித் தள்ளிவிடாதே, அது அப்படியே கிடக்கட்டும். காட்டில் அதற்கு யாரும் எரு போடவில்லை, சருகுதான். வயலுக்குக் கட்டுகிற மாதிரி தண்ணீர் கட்டினால் கிழங்கு அழுகிப்போகும். இலை வளைந்து நுனி மண்ணைத் தொட்டால் தொட்ட இடத்தில் வேர் விடும். அங்கே ஒரு கை மண் அள்ளிப் போடு, புதுச் செடி வரும். நான் பெயர்த்தபோது அப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிடந்தது.

வேறு என்ன எழுதுவது. இராஜாங்கத்திடம் வாய் கொடுக்காதே.

வைரக்கண்ணு


பூவனக்குடி,
6-4-1971

மாமாவுக்கு,

இலுப்பையை வெட்டிவிட்டார்கள்.

நான் உளுந்து பறிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தெருவே வெளிச்சமாக இருந்தது. ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. மரத்தைக் காணோம். கிளையெல்லாம் குடிசைக் கூரைமேல் கிடக்கிறது. பின்னால் இருந்த மூங்கில் குத்தையும் அடியோடு அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிலப்பனை பாதி, அடிமரத்தை உருட்டியதில் நசுங்கிப்போனது. அவள் இருக்கிற இடத்துக்கு மேலேயே வண்டி மாட்டை நிறுத்தியிருந்தார்கள். மாட்டைப் பிடித்து நான்தான் நகர்த்தினேன்.

“பண்ணையில கல்யாணம் வருது, வெறகு வேணும். மரம் பண்ணை மரம், மண்ணு பண்ணை மண்ணு. ஒனக்கு என்ன?” என்றார் காரியக்காரர்.

“எம் புள்ள இருக்கு இங்க.”

“அது ஒன் தப்பு. தோப்புல பொதைக்கச் சொல்லி யாரு சொன்னா?”

அந்த வார்த்தைக்கு அவர் வாயில் புற்று வைக்கும். இதையும் அங்கே படிக்கிறவர் படித்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கு வெயில் உச்சியில் நின்று அடிக்கிறது. இலையெல்லாம் நுனியிலிருந்து கருகி வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செடிக்கு அவ்வளவு எழுதினீர்கள், ரெத்தினம் என்கிற பெயரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. ஏன் மாமா?

வேம்பு


திருச்சி,
25-4-1971

வேம்பு,

உன் கடிதம் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது. இதற்குள் என்ன ஆகியிருக்குமோ.

தென்னங்கீற்று வாங்கி நான்கு கம்பு நட்டுத் தாழ்வாகப் பந்தல் போடு. மேலே மட்டும் போதாது, மேற்கே தட்டியும் கட்டு, சாயங்கால வெயில்தான் கொல்லும். பாயிடம் கேள், கடைக்குப் பின்னால் பழைய கீற்று கிடக்கும். மிச்சம் இருக்கிற இலுப்பைச் சருகை எல்லாம் அணைத்துப் போடு.

இன்னொன்றைக் கவனமாகப் படி. தேர்தலில் ஜெயித்த கையோடு இந்த அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறது என்று இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கிற கூலிக்காரனுக்கு அந்த மனை அவன் பேருக்கே வந்துவிடுமாம். சட்டம் வருகிற அன்றைக்கு யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு. இலுப்பை எதற்கு விழுந்தது என்று இப்போது தெரிகிறதா? கல்யாணத்துக்கு இல்லை. உன்னைக் கிளப்பத்தான். நாலு பேர் வந்து பார்த்தால் இது வெறும் திடல், இங்கே யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும் அவர்களுக்கு. நீ நகராதே. கூலி இல்லை என்றாலும், பட்டினி என்றாலும் நகராதே.

பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். இங்கே ஒரே அறையில் பலர் இருக்கிறோம். அழுதால் எல்லோருக்கும் கேட்கும்.

வைரக்கண்ணு


பூவனக்குடி,
30-5-1971

மாமாவுக்கு,

எல்லாம் போய்விட்டது.

நீங்கள் சொன்ன மாதிரியே பந்தல் போட்டேன். பாய் வீட்டுக்காரம்மா சைத்தூன் பீவி கீற்றும் கொடுத்து, பழைய புடவை ஒன்றையும் மேற்கே கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். நிழல் இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய்க் குளத்திலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றினேன். ஊற்றாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், தெரியும். காய்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பிறகு குளமும் வற்றியது. இப்போது அங்கே ஒரு இலை இல்லை. சருகும் வெடித்த மண்ணும்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அடையாளம் சொல்ல எனக்கே இப்போது கம்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமக்கு நெல்தான் தெரியும். தாள் காய்ந்தால் கதை முடிந்தது, அடுத்த போகத்துக்கு விதையிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு விதைக்கு எங்கே போவேன்? கோயில் காட்டுக்குக் கோடையில் யாரும் போவதில்லை, சருகுக்குள் விரியன் கிடக்கும். அதையும் மீறிப் போய்ப் பார்த்தேன் மாமா. அங்கேயும் ஒன்றும் இல்லை. காட்டிலேயே செத்துவிட்டது என்றால் நான் எங்கே போய்க் கேட்பேன்?

பண்ணையில் எனக்கு வேலை கொடுக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர் எடுக்கிற கிணற்றிலும் ராட்டினத்தைக் கழற்றிவிட்டார்கள். இராஜாங்கம் தினமும் வருகிறார். ஆற்றங்கரைப் புறம்போக்கில் மனை காட்டுகிறேன், மரியாதையாகப் போ என்கிறார். இருந்து என்ன ஆகப் போகிறது என்று எனக்கும் தோன்றுகிறது. காக்க வேண்டியது ஒன்று இருந்தது, அதுவும் கருகிப்போனது. நான் தோற்றுவிட்டேன். என்னவோ செய்யுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் சரி.

வேம்பு


திருச்சி,
12-6-1971

வேம்பு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இப்படி எழுதுகிறவள் இல்லை. நகராதே என்று எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. நீ கிணற்றுப் பக்கம் போகாதே. தனியாக இருக்கும்போது வேறு எதையும் யோசிக்காதே. நான் ஒரு வழி பார்க்கிறேன். என்ன வழி என்று இப்போது கேட்காதே.

வைரக்கண்ணு


பூவனக்குடி,
24-7-1971

மாமாவுக்கு,

உடனே உட்கார்ந்து எழுதுகிறேன், கையில் மண் இருக்கிறது, காகிதம் அழுக்கானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் ஏறி நம் கொல்லை வரைக்கும் கசிவு தெரிந்தது. ஆடி பிறந்ததும் நல்ல மழை ஒன்று பெய்தது. மறுநாள் பந்தலைப் பிரிக்கலாம், கீற்றையாவது அடுப்புக்கு எடுக்கலாம் என்று போனேன். சருகைத் தள்ளினால் அடியில் பச்சை மூக்கு மூக்காக எட்டிப் பார்க்கிறது. கோரைதான் என்று பிடுங்கப் போனேன். கோரை இல்லை மாமா. மடிப்பு மடிப்பாகக் குருத்து, சின்னப் பனங்கன்று மாதிரி. நிலப்பனை. அடிமரம் உருண்டு நசுங்கிய இடத்தில்கூட வந்திருக்கிறது.

அது சாகவே இல்லை. கோடை முழுக்கக் கீழே கிழங்கில் தூங்கியிருக்கிறது. காட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். நாம் நடவுக் காலத்தில் மட்டும் பார்த்ததால் நமக்குத் தெரியவில்லை. நெல்லைத் தவிர வேறு எதையும் வளர்த்து அறியாத ஜென்மங்கள் நாம். செத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி ஒப்பாரி வைத்து உங்களுக்கும் எழுதினேன் பாருங்கள். இன்றைக்குக் காலையில் முதல் பூ. அவள் தலைமாட்டில். குனிந்து பார்த்தேன். நான் சிரித்தேன் மாமா, எத்தனையோ மாதத்துக்கு அப்புறம். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சட்டமும் வந்துவிட்டது, தெரியுமா? பாய் கடையில் பேப்பரைப் படித்துச் சொன்னார்கள். சட்டம் வந்த அன்றைக்கு நான் இங்கேதான் இருந்தேன், இந்தக் குடிசையில், பட்டினியாக. தாலுகா ஆபீசில் மனு வாங்குகிறார்களாம். உங்கள் பேரில் கொடுப்பதா என் பேரில் கொடுப்பதா என்று எழுதுங்கள். ஏதோ வழி பார்க்கிறேன் என்றீர்களே, அது எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இனி வழி எதுவும் வேண்டாம். நான் நகரமாட்டேன்.

வேம்பு


திருச்சி,
1-8-1971

வேம்பு,

உன் கடிதம் இன்று வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆனி மாதம் இராஜாங்கம் இங்கே மனு போட்டு என்னைப் பார்க்க வந்தார். பழம் வாங்கி வந்தார். “ஒம் பொண்டாட்டி நெலம சரியில்ல வைரக்கண்ணு. பகல்லகூடக் கெணத்தடியிலயே குந்தியிருக்கா. நாளைக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பில்ல” என்றார். உன் மே மாதக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நீ எழுதியதும் அவர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. எனக்கு ஒரு பிள்ளை போனது போதும் என்று தோன்றியது. அந்த மனையில் எனக்கோ என் குடும்பத்துக்கோ பாத்தியம் இல்லை, நாங்கள் அங்கே குடியிருக்கவில்லை, காவலுக்குப் போட்ட கொட்டகைதான் அது என்று எழுதி வைத்திருந்தார்கள். போட்டேன். அதற்குப் பதிலாக இம்மாதம் 20ஆம் தேதி கேஸ் வரும்போது பண்ணை ஆட்கள் யாரும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லமாட்டார்கள். அன்றைக்கே விட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் நீ காலி செய்ய வேண்டும். இடத்தை டிராக்டர் விட்டு நிரவி நாற்றங்கால் ஆக்கப் போகிறார்கள்.

தோழர்கள் என்னோடு பேசுவதில்லை. அது சரிதான்.

இதை மட்டும் செய். நிலப்பனையைக் கிழங்கோடு தோண்டி எடு. ஆழமாகத் தோண்டு, கிழங்கு நேராகக் கீழே போகும், உடைந்துவிடப் போகிறது. ஈரக் கோணியில் சுற்றி நிழலில் வை. ஆற்றங்கரை மனையில் புங்கை ஒன்று இருக்கிறதாம். நான் வந்ததும் அதன் அடியில் நடலாம். தூங்கி எழுந்திருக்கிற செடிதானே, அங்கேயும் வரும். நாம் இரண்டு பேரும் உயிரோடு இருந்தால் போதாதா வேம்பு?

ரெத்தினம். ரெத்தினம். எழுதிவிட்டேன் பார். கோபப்படாதே.

வைரக்கண்ணு


பூவனக்குடி,
11-8-1971

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் உங்களைத் திட்டவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். ராட்டினம் இல்லாமல் கயிற்றைக் கையால் இழுத்துத் தண்ணீர் சேந்தினால் மூச்சு வாங்கும், உட்காருவேன். அதை வைத்து ஒருத்தர் உங்களை விலைக்கு வாங்கிவிட்டார். ஆனால் செத்துவிட்டது, தோற்றுவிட்டேன் என்று எழுதியது நான்தான். அதை இராஜாங்கம் எழுதவில்லை.

நீங்கள் சொன்னதைச் செய்யத்தான் பார்த்தேன். மறுநாள் விடிந்ததும் கடப்பாரையும் கோணியும் எடுத்துக்கொண்டு போனேன். தலைமாட்டுச் செடியில் தொடங்கினேன். மண் மழையில் இளகியிருந்தது. கிழங்கு கறுப்பாக, விரல் தடிமனில் நேராகக் கீழே போகிறது. கையால் மண்ணை அள்ளிக்கொண்டே போனேன். முழங்கை வரைக்கும் கை உள்ளே போய்விட்டது, கிழங்கு இன்னும் முடியவில்லை. கீழே துணி தட்டியது மாமா. என்னுடைய சிவப்புப் புடவையில்தானே சுற்றினோம். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இல்லை.

கையை எடுத்துவிட்டேன். மண்ணை மூடி மிதித்து, செடியை நிமிர்த்தி வைத்தேன். கிழங்கைத் தனியாகவும் அவளைத் தனியாகவும் எடுக்க என்னால் ஆகாது. ஆற்றங்கரையில் நட நீங்கள் கேட்டது செடி. இங்கே இருப்பது செடி மட்டும் இல்லை. டிராக்டர் ஓட்டினால் கொழுவில் என்ன வரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தாலுகா ஆபீசுக்கு நடந்தேன். சைத்தூன் பீவியும் கூட வந்தார்கள். மனு வாங்குகிற குமாஸ்தா முதலில் கெடுபிடி செய்தார்.

“இந்த மனைக்கு ஏற்கெனவே ஒரு சம்மதக் கடுதாசி வந்திருக்கும்மா. அங்க யாரும் குடியில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கே. அது யாரு?”

“எங்க வூட்டுக்காரரு.”

“பேரச் சொல்லு.”

சைத்தூன் பீவி சொல்ல வாயெடுத்தார்கள். நான் தடுத்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அங்கே அத்தனை பேர் முன்னால் சொன்னேன். “வைரக்கண்ணு. அவரு அப்ப அங்க குடியில்லீங்க, ஜெயில்ல இருந்தாரு. குடியிருக்காதவரு போட்ட கையெழுத்து எப்படிங்க செல்லும்? குடியிருந்தது நான். வந்து பாருங்க” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதற்காகக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டார், கேஸ் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன்தான். “யோசிச்சுக்கம்மா. இந்த மனு மேல போனா அந்தச் சமரசம் முறிஞ்சுடும். ஒம் புருஷன் கேசு அப்படியே நிக்கும். சாட்சி சொன்னா வருஷக் கணக்குல உள்ள போயிடுவாரு” என்றார். யோசித்துக்கொண்டு அந்த வராந்தாவில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சைத்தூன் பீவி, “வேணாம் வேம்பு, உசுரோட இருக்குறவர மொதல்ல பாரு” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆபீஸ் மூடப் போகிற நேரத்தில் உள்ளே போய் என் பேரில் மனுவைக் கொடுத்துவிட்டேன். தாசில்தார் வருகிற வாரம் நேரில் வந்து பார்ப்பாராம்.

இராஜாங்கத்துக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. இருபதாம் தேதி அவர்கள் எல்லோரும் சாட்சி சொல்ல வருவார்கள். நீங்கள் அன்றைக்கு வெளியே வரமாட்டீர்கள். அது என்னால்தான்.

உங்களுக்கு நான் செய்தது துரோகம் என்று தெரியும். நீங்கள் எனக்காகக் கையெழுத்துப் போட்டீர்கள், நான் அதை உங்கள் முகத்திலேயே கிழித்துப் போட்டேன். உங்கள் பக்கத்தில் இருந்தால் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன், ஆனாலும் மனுவைக் கொடுத்துத்தான் இருப்பேன். கோர்ட்டில் பேச உங்களுக்கு வாய் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், சங்கம் இருக்கிறது. அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஊர்வலம் போன அன்று நீங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தீர்கள். நான் ரெத்தினத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

உங்களுக்குப் பதில் எழுத மனசில்லை என்றால் எழுத வேண்டாம். எத்தனை வருஷம் ஆனாலும் நான் வேறு எங்கும் போகமாட்டேன். தோழர்களிடம் சொல்லுங்கள், மனை இன்னும் போகவில்லை என்று. இனியாவது அவர்கள் உங்களோடு பேசட்டும்.

இப்படிக்கு,
பூவனக்குடியில் குடியிருக்கும்
வேம்பு